ஃபைல் பெயரில் நடந்த சண்டை

அவளை வீட்டில் எல்லாரும் “விவரம்” என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் அவளுடைய அண்ணன். பாராட்டித்தான் வைத்திருக்கிறான் என்று அவள் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாள். பால் வாங்கிவிட்டாயா என்று கேட்டால் “வாங்கினேன்” என்று சொல்லிவிட்டுப் போக அவளுக்குத் தெரியாது. கடைக்காரர் யாரோடு வம்பளந்துகொண்டிருந்தார், மீதிச் சில்லறைக்கு என்ன சாக்குச் சொன்னார், திரும்பி வரும்போது எந்த வீட்டு நாய் முறைத்தது எல்லாம் வந்து, கடைசியில்தான் பால் வரும். அதற்குள் அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றிப்போயிருக்கும்.

பள்ளிக்கூடத்து நோட்டில் ஒட்டும் லேபிளில் பெயர், வகுப்பு, பிரிவு என்று மூன்றே கோடு இருக்கும். அவளுக்கு அது எந்த மூலைக்குக் காணும்? அப்பா பெயர், தெரு, எதிர்வீட்டுத் தையல் கடை, நோட்டு தொலைந்தால் யாரிடம் கொடுக்க வேண்டும், யாரிடம் கொடுக்கவே கூடாது என்பதுவரை எழுதுவாள். லேபிளில் இடம் தீர்ந்தால் அட்டையில் தொடர்ந்து, அட்டை தீர்ந்தால் பின்பக்கம் போவாள். படித்து முடித்ததும் ஒரு பார்சல் ஆபீஸில் டைப் அடிக்கும் வேலை கிடைத்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற இடத்தில் ஒருநாள் இப்படி அடித்தாள்: “கண்ணாடிக் குவளைகள், ஒன்றுக்கு விளிம்பு ஏற்கெனவே போயிருக்கிறது, அனுப்புகிறவருக்கே தெரியும், நம்மைக் கேட்டுப் பிரயோஜனமில்லை.” மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, “இது பார்சல் ஆபீஸ்ம்மா, கதை எழுதுற இடம் இல்ல” என்றார். அவரும் பாவம், ரொம்ப நாள் பொறுத்துத்தான் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் அண்ணன் சொந்தமாக ஸ்டூடியோ திறந்திருந்தான். மருந்துக் கடைக்கும் சாவி செய்கிற கடைக்கும் நடுவே ஒடுக்கமான ஓர் இடம். முன்னால் கண்ணாடி மேசை, அதில் அண்ணி. நடுவில் ஒரு திரை, பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு முக்காலி, பின்னால் நீலத் துணி. அதையும் தாண்டி உள்ளே போனால் ஒரு கம்ப்யூட்டர், பஞ்சு வெளியே எட்டிப்பார்க்கும் ஒரே ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் விவரத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்தான். அவன் படம் எடுப்பான், அவள் அதைச் சீர் பண்ணுவாள். இருட்டான முகத்தை வெளுக்க வைப்பது, பருவைத் துடைப்பது, கண்ணை மூடிக்கொண்டவருக்கு இன்னொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டுவது எல்லாம் அவள் கைக்கு வெகு சீக்கிரம் வந்துவிட்டது. வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. சொன்னால் பதில் சொல்லியே ஆளை ஓய்த்துவிடுவாள் என்பது வேறு விஷயம்.

கேமரா தானாக வைக்கும் பெயரைக் கண்டால் மட்டும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு எழுத்து, நாலு எண். கல்யாணப் பெண்ணுக்கும் அதே மாதிரிப் பெயர், காலி நாற்காலிக்கும் அதே மாதிரிப் பெயர். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் அவளே பெயர் சூட்டுவாள். முதலில் யார் வீட்டு விசேஷம், பிறகு எந்த வேளை, எந்த மண்டபம், யார் எடுத்தது, அதற்கப்புறம்தான் படத்தில் இருப்பது என்ன என்று வரும். “பல்_டாக்டர்_மகள்_கல்யாணம்_காலை_வேளை_பெரிய_மண்டபம்_அண்ணன்_எடுத்தது_மாமியார்_சிரிக்கிற_மாதிரி_இருக்கிறார்_சிரிக்கவில்லை.” இது ஒரு படத்தின் பெயர். திரையில் பாதிதான் தெரியும். மீதியைப் படிக்க மௌஸை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான். அதோடு சரி.

சண்டை வந்தது வேறு காரணத்துக்கு. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று குடும்பத்தோடு ஒரு படம் எடுத்தார்கள். அண்ணன் அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, அப்பா வீட்டுக் கூடத்தில் மாட்டினான். போய்ப் பார்த்தால் வலது ஓரத்தில் விவரத்தின் கணவர் பாதிதான் இருக்கிறார். ஒரு கண், பாதி மூக்கு, ஒரு தோள். மீதி மனிதரைச் சட்டம் விழுங்கிவிட்டது.

“என்னடா இது?” என்றாள்.

“படம் இடதுபக்கம் காலியா, வலதுபக்கம் பாரமா இருந்துச்சு. அதான் ஓரத்துல கொஞ்சம் வெட்டினேன். கலைக்கண்ணோட பாரு.”

“வெட்டணும்னா உன் பொண்டாட்டிய வெட்டியிருக்க வேண்டியதுதானே?”

அண்ணி இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். கணவரோ பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஜென்மம். “பரவால்ல விடு, பாதியாவது வந்திருக்கேனே” என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். அவள் விடவில்லை. என் வீட்டுக்காரர் உனக்கு இளப்பமாகப் போய்விட்டாரா என்று ஆரம்பித்து, சின்ன வயதில் அவன் உடைத்த சைக்கிள் மணிவரைக்கும் போனாள். அவன் பதிலுக்கு, “உன் புருஷன் படத்துல அடங்கலைன்னா அதுக்கு நான் என்ன பண்றது?” என்றான். அன்றோடு பேச்சு நின்றது. யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் தோற்றார்கள் என்று இரண்டு பேரும் தனித்தனியே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

பேசாமல் இருப்பது அண்ணனுக்குச் சுலபம். அவன் இயல்பே அப்படி. அவளுக்கு அது உயிர் போகிற காரியம். வாயை மூடிக்கொண்டதும் சொற்கள் எல்லாம் விரலுக்கு இறங்கிவிட்டன. ஃபைல் பெயருக்கு வால் முளைத்தது. “…_முகம்_இருட்டு_எடுத்தவருக்குக்_கண்_தெரியுமா” என்று முடிப்பாள். அவள் சாப்பிடப் போகும்போது அண்ணன் அதே நாற்காலியில் உட்கார்ந்து படங்களைப் பார்ப்பான். திரும்பி வந்தால் வால் நீண்டிருக்கும்: “…_கண்_தெரியுமா_உனக்குத்_திரையைத்_துடைக்கத்_தெரியுமா.” அதற்கு அவள் ஒரு பதில். அதற்கு அவன் ஒரு பதில். சில படங்களின் பெயரை ஒரே மூச்சில் படித்தால் மூச்சு முட்டும். மணமக்கள் மாலையோடு நிற்கும் ஒரு படத்தின் வாலில் சைக்கிள் மணி விவகாரம் முழுக்க இருந்தது.

அண்ணி இரண்டு பேருக்கும் நடுவே தூது போய்ப் போய் அலுத்துவிட்டாள். “உங்க சண்டைய என் தலைல கட்டாதீங்க. அதான் கம்ப்யூட்டர் இருக்கே, அதுல எழுதிக்கோங்க” என்று கையை உதறிவிட்டாள்.

பல் டாக்டர் மகள் கல்யாணப் படங்கள் அப்படித்தான் தயாராயின. டாக்டர் ஒரு சாயங்காலம் வந்து ஆல்பத்துக்கான படங்களைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார். மகள் மறுநாள் விடிந்ததும் புருஷனோடு வெளிநாடு போகிறாள், அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். படங்கள் ஒவ்வொன்றும் ஆனை கனம் இருந்தன. டிவியில் போட்டுக் காட்ட வேண்டும் என்றால் சின்னதாக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்தால் பொழுது சாய்ந்துவிடும் என்பதால், ஒரே அடியில் எல்லாப் படத்தையும் சின்னதாக்கும் இலவச சாஃப்ட்வேர் ஒன்றை அன்று காலை இறக்கினாள். மொத்தப் படங்களையும் அதன் வாயில் கொட்டினாள்.

சாஃப்ட்வேர் மறுத்துவிட்டது. பெயர் மிக நீளம், திறக்க முடியாது என்று சிவப்பில் எழுதியது. பார்சல் ஆபீஸ் மேனேஜர் ஞாபகம் வந்தது அவளுக்கு. இவனுமா என்று எரிச்சலோடு கீழே தேடினாள். நீளமான பெயர்களைச் சுருக்கவா என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் போட்டாள். படங்களை எங்கே வைக்க என்று கேட்டது. வன்தட்டு ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்ததால் இருந்த இடத்திலேயே வை என்றாள். கொஞ்சம் ஓடிவிட்டு, அதே பெயரில் ஒரு படம் இருக்கிறது, அதன் மேலேயே எழுதவா என்று கேட்டது. பக்கத்தில், எல்லாவற்றுக்கும் ஆம் என்று ஒரு பொத்தான். வாழ்க்கையில் எந்தக் கேள்விக்கும் ஒரே சொல்லில் பதில் சொல்லாதவள் அன்றைக்குச் சொன்னாள். அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது ஃபோல்டரில் ஒரே ஒரு படம் இருந்தது.

மணப்பெண்ணின் பெரியப்பா, நாற்காலியில் சாய்ந்து, வாயை ஆவென்று திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கல்யாணம் முழுவதும் அந்த வாய்க்குள் போய்விட்டது.

நடந்தது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லாப் பெயருக்கும் தலை ஒன்றே. பல் டாக்டர் மகள் கல்யாணம், காலை வேளை, பெரிய மண்டபம், அண்ணன் எடுத்தது. வித்தியாசமெல்லாம் வாலில்தான். சாஃப்ட்வேர் நகல் எடுக்காமல், அசல் படத்தின் பெயரிலேயே வாலை ஒட்ட நறுக்கியது. நறுக்கியதும் எல்லாப் படத்துக்கும் ஒரே பெயர். ஒன்றின் மேல் ஒன்றாக எழுதிக்கொண்டே போய், அகர வரிசையில் கடைசியாக நின்ற “வாய்_பிளந்து_தூங்கும்_பெரியப்பா” மட்டும் பிழைத்தார். குப்பைத் தொட்டிக்குள் தேடினாள். அங்கே எதுவும் இல்லை. அந்தப் பெண் விடிந்ததும் விமானம் ஏறப்போகிறாள். மறுபடி யாரை நிறுத்தி வைத்து, யாருக்குக் கல்யாணம் செய்து படம் எடுப்பது?

ஒரே ஒரு வழி இருந்தது. கேமராவின் மெமரி கார்டு. ஆல்பம் கைமாறும்வரை அண்ணன் கார்டை அழிக்க மாட்டான். இருமல் மிட்டாய் டப்பாவில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருப்பான். ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்தாள். டப்பா திறந்து கிடந்தது. கார்டைக் காணோம்.

“அண்ணி, கார்டு எங்க?”

அண்ணி பாஸ்போர்ட் படங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். “காலைல எடுத்துட்டுப் போயிட்டாரே. பேங்க் மேனேஜர் ரிட்டயர் ஆகுற விழா, பக்கத்துத் தெரு ஹால்ல. ஒரு கார்டு நிறைஞ்சதும் இதை அழிச்சுட்டு இதுல எடுப்பேன்னு சொன்னாரு.”

“டாக்டர் இன்னும் படத்தையே பாக்கல. அதுக்குள்ள எப்படி அழிப்பான்?”

“நீதான் அழிக்கலாம்னு சொல்லிட்டியாமே.”

சொல்லியிருந்தாள். கத்தரிக்கோல் சத்தத்துக்கு நடுவே அவளுக்கு அது ஞாபகம் வந்தது. முந்தின நாள் ஒரு படத்தின் வாலில் அடித்திருந்தாள்: “…_எல்லாம்_சரிபார்த்தாச்சு_கார்டைக்_காலி_பண்ணலாம்_மண்டை_காலியா_இருக்கிற_மாதிரி.” அந்தக் கடைசி வரிக்காகத்தான் முன்வரியையே எழுதினாள்.

அண்ணனுக்கு ஃபோனில் மெசேஜ் அடித்தாள், போய்ச் சேரவில்லை. அணைத்து வைத்திருந்தான். விழாவில் படம் எடுக்கும்போது அவன் ஃபோனை அணைத்துவிடுவது வழக்கம். “அண்ணி, நீங்க கொஞ்சம் போய்ச் சொல்லுங்களேன்” என்று கெஞ்சினாள்.

அண்ணி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “நாத்தனாரே, அன்னைக்கு வெட்டுறதா இருந்தா என்னையில்ல வெட்டச் சொன்னே? இப்ப நான் பாதி ஆளுதான். பாதி ஆளு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நீயே போ.”

விவரம் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். ஓடும்போது மனசு கணக்குப் போட்டது. போய்ப் பேசினால் தோற்றாள். பேசாவிட்டால் அந்தப் பெண்ணின் கல்யாணம் பெரியப்பாவோடு முடிந்தது. சைகை காட்டிப் பார்க்கலாமா, சீட்டு எழுதி யார் கையிலாவது கொடுத்தனுப்பலாமா என்றெல்லாம் தெருமுனைவரை யோசித்தாள். மானம் என்பது ஓடும்போதும் கூடவே ஓடிவருகிற பிசாசு.

ஹால் நிறைய ஆட்கள். மேடையில் பேங்க் மேனேஜர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆரம்பித்திருந்தார். மேடையோரம் அண்ணன் குனிந்து நின்றான். கேமராவின் வயிற்றைத் திறந்து, ஒரு கார்டை உருவி, இன்னொன்றைச் சொருகி மூடினான். கட்டைவிரல் பொத்தான்மேல் போனது. கேமரா இப்போது அழிக்கவா என்று கேட்டுக்கொண்டிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். நடுவில் அத்தனை வரிசை நாற்காலிகள். கையை ஆட்டினாள். அவன் நிமிரவே இல்லை.

“டேய் அண்ணா! அழிக்காதடா!”

மைக்கே தோற்றுவிட்டது. மேனேஜர் வாக்கியத்தின் நடுவில் நின்றார். ஹால் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அண்ணனின் விரல் அப்படியே நின்றது. அவன் நிமிர்ந்து, அவளைப் பார்த்து, பிறகு வேண்டுமென்றே கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான்.

“யாரு கூப்பிட்டது?” என்றான்.

“நான்தான்.”

“நான்னா யாரு?”

இழுத்து இரண்டு அறை விடலாம் போலிருந்தது. “உன் தங்கச்சி. போதுமா? கல்யாணப் படம் எல்லாம் போச்சு. எல்லாத்தையும் நானே அழிச்சுத் தொலைச்சுட்டேன். அந்தக் கார்டை அழிச்சுடாதே.”

அவ்வளவு சுருக்கமாக அவள் பேசி அவன் கேட்டதே இல்லை. முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. கார்டை வெளியே எடுத்து, மேடையிலிருந்து இறங்கிவந்து அவள் உள்ளங்கையில் வைத்தான். “அழாதே, எல்லாம் இருக்கு” என்றான். அப்போதுதான் தான் அழுதுகொண்டிருப்பதே அவளுக்குத் தெரிந்தது. மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் முதல் நாளிலிருந்தே ஆரம்பித்தார்.

சாயங்காலம் டாக்டர் குடும்பத்தோடு வந்தபோது படங்கள் எல்லாம் திரும்பக் கம்ப்யூட்டரில் இருந்தன. கேமரா வைத்த அதே எண்களோடு, வாலில்லாமல், சண்டையில்லாமல். அவசரத்தில் அவள் செய்த வெளிச்ச வேலையைப் பாதிதான் மறுபடி செய்ய முடிந்தது. யாருக்கும் அது தெரியவில்லை. மணப்பெண் தன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்தாள். டாக்டர் ஒரே ஒரு படத்தைச் சுட்டிக்காட்டி, “இதை நல்லாப் பெருசாப் போடுங்க, என் கிளினிக்ல மாட்டணும்” என்றார். வாய் பிளந்து தூங்கும் பெரியப்பா. “அந்தப் பல்வரிசை முழுக்க என் கைவேலை. பாருங்க, எவ்வளவு எடுப்பா இருக்கு!”

விவரம் வாயைப் பொத்திக்கொண்டு திரைக்குப் பின்னால் ஓடிவிட்டாள்.

அவர்கள் போனபிறகு கார்டில் மிச்சம் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் அண்ணன் அவளுக்குக் கொடுக்காத சில படங்கள் இருந்தன. அந்தக் கல்யாணத்துக்கு அவளையும் கணவரையும் டாக்டர் அழைத்திருந்தார். மண்டபத்துத் தூணருகே கணக்கு வாத்தியார் தனியாக நிற்கிறார். தலையிலிருந்து செருப்புவரை முழு மனிதர். நட்டநடுவில், இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எடுத்திருக்கிறான். ஒன்றல்ல, அதே ஆள், அதே தூண், அரை டஜன் படம்.

“இதை ஏன் என்கிட்ட குடுக்கல?”

அண்ணன் கேமராவைத் துடைத்துக்கொண்டே, “குடுத்தா நான் பேசின மாதிரி ஆயிடும்ல?” என்றான்.

அவளுக்கு இவனோடா இத்தனை நாள் பேசாமல் இருந்தோம் என்று தன்மேலேயே கோபமும், அவன்மேல் பொங்கிக்கொண்டு பாசமும் வந்தன. இவ்வளவு பாசம் வைத்திருந்தவன் முன்னாலேயே காட்டியிருந்தால் என்ன என்று திரும்பவும் அவன்மேல் கோபம் வந்தது. இதையெல்லாம் விவரமாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் கணவர் அவளைக் கூட்டிப்போகக் குடையோடு வந்துவிட்டார்.

“இங்க பாருங்க, அண்ணன் உங்கள எப்படி எடுத்திருக்கான்னு!” என்று நாற்காலியைத் திருப்பினாள்.

கணவர் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கணக்கு நோட்டைத் திருத்துகிற மாதிரி வெகுநேரம் பார்த்தார். “எனக்கு இவ்வளவு தொப்பையா?” என்றார். “இதுக்கு அந்தப் பாதிப் படமே தேவலை.”

விவரம் படத்தை உற்றுப் பார்த்தாள். மனிதர் சொல்வது சரிதான். தூணுக்கும் அவருக்கும் ஒரே சுற்றளவு. அவள் கை தானாக மௌஸுக்குப் போனது. படத்தின் கீழ்விளிம்பைக் கொஞ்சம் மேலே ஏற்றினாள். போதவில்லை. ஓரத்தில் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். தூண் போனது, ஒரு முழங்கை போனது, தோளில் பாதியும் போனது. இப்போது பார்க்க லட்சணமாக இருந்தது.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

“இதத்தானே நானும் அன்னைக்குப் பண்ணேன்?” என்றான் அண்ணன்.

“நீ பேசாம இரு” என்றாள்.

அவன் இருக்கவில்லை. கடையைப் பூட்டி, எல்லாரும் தெருவில் இறங்கி, அவரவர் வழி பிரிகிறவரைக்கும் சைக்கிள் மணியில் ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தான்.